பண்டிகைக் காசும் பள்ளிப் பிள்ளைகளும்

நம் கல்லூரி மாணாக்கர் சிலர் வரும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர்தோறும் சென்று, போர் நிகழும் நாடுகளில் வாழும் பள்ளிப் பிள்ளைகளின் பாதுகாப்பிற்காகப் பொருள் திரட்ட எண்ணியிருக்கின்றனர் என்னும் செய்தி எமக்கு எட்டியது. எட்டவே, பெரிதும் மகிழ்ந்தோம். 1990-ஆம் ஆண்டில் இக்கல்லூரியில் பயின்ற யாம் நால்வரும் அதே விடுமுறையில், அதே நோக்கத்தோடு, மீமிசற் கடைவீதியில் தகர உண்டியல் ஏந்தி நின்றவர்கள். ஆதலின், அப்பணியில் யாம் கண்டவற்றையும் கற்றவற்றையும் இம்மலரில் எழுதுமாறு பத்திராசிரியர் பணித்தபோது மறுத்தற்கு எமக்கு நா எழவில்லை. அறிவுரை கூறும் தகுதி எமக்கு உண்டென்று யாம் கருதுவதில்லை. முன் நடந்தவர் பின் வருவோர்க்கு வழியில் உள்ள மேடு பள்ளங்களைக் கூறுவது வழக்கமாதலின், அவ்வழக்கம் பற்றியே இதனை எழுதத் துணிந்தோம்.

பண்டிகை நாளில் பிறர் பிள்ளைகளுக்காகக் கையேந்துதல் புதிய வழக்கமன்று. முதல் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்த பின்னரும், நேச நாடுகள் தோற்றவர்மேல் வைத்த கடல் முற்றுகை பல திங்கள் நீடித்தது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பச்சிளங் குழந்தைகள் பாலின்றி வாடின. எக்லன்டைன் ஜெப் என்னும் ஆங்கில மாது அக்குழந்தைகளின் படம் பொறித்த துண்டுத்தாள்களை 1919-இல் இலண்டன் வீதியில் வழங்கினார். அரசின் இசைவு பெறாது வழங்கினார் என்று வழக்குத் தொடரப்பெற்று, அவருக்கு ஐந்து பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கை நடத்திய அரசாங்க வழக்கறிஞரே அவ்வைந்து பவுனைத் தம் கையினின்று கொடுத்தனர் என்பர். அவ்வாண்டு மே மாதத்திலேயே ஜெப்பும் அவர்தம் தங்கையார் டாரதி பக்ஸ்டனும் குழந்தைகள் காப்பு நிதியம் ஒன்றை நிறுவினர். நேற்றுவரை பகைவராயிருந்தோர் பிள்ளைகளுக்கு இன்று சோறிடுவதா என்று பலர் சினந்தனர். அச்சினத்திற்கு அம்மாது அஞ்சவில்லை.

அதே 1919-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், உரோமையிலிருந்த பதினைந்தாம் பெனடிக்ட் என்னும் பாப்பரசர் உலகெங்குமுள்ள தம் ஆலயங்களுக்கு ஒரு திருமுகம் விடுத்தார். டிசம்பர் 28-ஆம் நாளாகிய மாசில்லாக் குழந்தைகள் திருநாளில், போரினால் நொந்த நாடுகளின் பிள்ளைகளுக்காகக் காணிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஏரோது மன்னன் வாளுக்கு இரையான பெத்லெகேம் குழந்தைகளை நினைவுகூரும் நாள் அது. அந்நாளைத் தெரிந்தெடுத்ததன் பொருத்தத்தை யாம் விரிக்க வேண்டுவதில்லை. மற்றொன்றும் கூறுவோம். ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் 1946-இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் நலிந்த செக்கோஸ்லோவாக்கிய நாட்டுச் சிற்றூர் ஒன்றிற்கு அதன் உதவி சென்றது. அவ்வூர்ப் பள்ளிச் சிறுமி ஒருத்தி நன்றியறிதலாக ஓவியம் ஒன்று தீட்டி அனுப்பினாள். 1949-இல் அவ்வோவியமே அந்நிதியத்தின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. உதவி பெற்ற பிள்ளையின் கைவண்ணம் வேறு பிள்ளைகளுக்கு உதவி தேடித் தந்த அருமையை நோக்குக.

இனி எம் ஊரைப் பற்றிச் சிறிது. மீமிசல் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்க்கரையில், பாக் நீரிணையை நோக்கி இருக்கும் ஊர். மேற்கே மாணிக்கவாசகர் அருள்பெற்ற ஆவுடையார்கோயில், வடக்கே ஜெகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும், அருகே கோபாலப்பட்டினம். ஊருள் கல்யாணராமர் கோயில் உண்டு. பள்ளிவாசலின் பாங்கு ஐந்து வேளையும் கேட்கும். உப்பளம், மீன்பிடித்தல், கடை வாணிகம் ஆகிய இவையே பிழைப்பு. பிழைப்புப் போதாதவர் வளைகுடா நாடுகளுக்கும் மலேயா, சிங்கப்பூருக்கும் செல்வர். கடலுக்கு அப்பால் கிழக்கே யாழ்ப்பாணம். இடையிலுள்ள நீர் நாட்டெல்லையைக் குறிக்கும். உறவின் எல்லையை அது குறித்ததில்லை.

யாழ்ப்பாணத்திற்கும் நம் போன்ற மிஷன் கல்லூரிகளுக்கும் உள்ள தொடர்போ மிகப் பழைது. அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர் கலாசாலை கண்டனர். அவர்தம் யாழ்ப்பாணப் பணியிலிருந்தே 1834-இல் மதுரை மிஷன் கிளைத்தது. வட்டுக்கோட்டையில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அமர்ந்தார். கலித்தொகை முதலிய பழந்தமிழ் நூல்களைச் செல்லுக்கு இரையாகாமற் காத்து அச்சேற்றியவரும் அவரே. ஒரு பிள்ளை அஞ்சாது பள்ளிக்குச் சென்று திரும்புதலால் விளையும் பயன் அவனோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அவர்க்கு எழுத்தறிவித்த மண்ணில், 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மீண்டும் போர் மூண்டது.

அக்காலத்து யாழ்ப்பாணப் பிள்ளைகளின் நிலையை முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் வாயிலாக அறிந்தோம். மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் பொன்னினும் அரிதாயிற்று. ஜாம் போத்தலின் அடியில் சிறிது எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரியிட்டு, அச்சிறு சுடரில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். மின்கலங்களுக்குத் தடையிருந்தமையின், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். வீட்டு முற்றங்களிலும் பள்ளி வளவுகளிலும் பதுங்கு குழிகள் தோண்டப்பெற்றன. குழியைக் கோணலாக வெட்டி, மேலே பனங்குற்றிகளைப் பரப்பி, மண் மூட்டைகளை அடுக்குவர். வானில் இரைச்சல் கேட்டவுடன் ஆசிரியர் கையசைக்க, பிள்ளைகள் புத்தகத்தோடு உள்ளே இறங்குவர். இரைச்சல் அகன்றபின் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும்.

இவற்றைக் கேட்டு எம் உள்ளம் பொறுக்கவில்லை. 1989 ஆகஸ்ட் முதல் 1991 ஏப்ரல் வரை ஏறத்தாழ 1,22,000 பேர் கடல் கடந்து தமிழகக் கரை சேர்ந்தனர் என்பது அரசுக் கணக்கு. எம் மாவட்டத்திலும் தேக்காட்டூர், லேணாவிலக்கு, அழியாநிலை ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. பேராசிரியர் ஒருவர் எமக்கு வழிகாட்டினார். "முகாமில் உள்ள பிள்ளைக்கு நீங்களே வாங்கிக் கொடுங்கள். கடலுக்கு அப்பால் உள்ள பிள்ளைக்கு, சட்டப்படி உதவி அனுப்பும் உரிமை பெற்ற திருச்சபைத் துயர்தணிப்பு நிலையத்தின் வழியாக மட்டுமே கொடுங்கள். வேறு எவர் கேட்டாலும் ஒரு காசும் கொடாதீர்கள்" என்றார். அச்சொல்லைத் தலைமேற்கொண்டு, "இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளின் நலத்திற்கு" என்று எழுதி ஒட்டிய தகர உண்டியலோடு மீமிசல் சேர்ந்தோம்.

மார்கழி மாதம் எம் கரையில் கொடைக்கு ஏற்ற காலமன்று. வாடைக்காற்று வீசும், மழையில் உப்பளங்கள் வெள்ளக்காடாகக் கிடக்கும், வள்ளங்கள் மணலில் கவிழ்த்து வைக்கப்பெற்றிருக்கும். அவ்வாண்டு வேறொரு துன்பமும் சேர்ந்தது. ஆகஸ்ட் 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தைக் கைப்பற்றவே, அங்குப் பிழைக்கச் சென்ற நம் நாட்டார் 1,70,000 பேர்க்கு மேல் அம்மான் நகர் வழியாக வானூர்திகளில் மீட்கப்பட்டனர். அவர்களுள் எம் கரையோரத்தாரும் இருந்தனர். சேமித்தவை யாவும் அங்கே கிடக்க, உடுத்த உடையோடு வந்து இறங்கியோரிடம் சென்று உண்டியலைக் குலுக்குவது எங்ஙனம்?

ஆயினும் குலுக்கினோம், காசும் வீழ்ந்தது. உப்பளத்தில் வேலையின்றி இருந்த மூதாட்டி ஒருத்தி சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து நாலணாக் காசு ஒன்றை இட்டாள். காசில்லாத வலைஞர் ஒருவர் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, "இதை விற்றுக் காசாக்கிக்கொள்ளுங்கள், தம்பிமாரே" என்றார். குவைத்திலிருந்து மீண்ட இளைஞர் ஒருவர் ஐந்து ரூபாய்த் தாளை மடித்து இட்டுவிட்டு, பாலைவனத்து முகாமில் யாரென்று அறியாத ஒருவர் தமக்கு நீர் கொடுத்ததைக் கூறினார். "அவர் என் பெயரைக் கேட்கவில்லை, நானும் அவர் பெயரைக் கேட்கவில்லை" என்று அவர் கூறிய மொழி எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மூன்றாம் நாள் கடைவீதியில் மளிகை வாணிகம் செய்யும் முதியவர் ஒருவரை அடைந்தோம். அவர் மார்க்க நெறி வழுவாதவர். ஏழைக்கு இல்லை என்னாதவர். எம்முள் ஒருவர் அவ்வூர்ப் பிள்ளை. அவரை மாமா என்று அழைத்துப் பழகியவர். பெரியவர் உண்டியலில் ஒட்டியிருந்த எழுத்துகளை மெல்லப் படித்தார். பின்பு எம்மை அமரச் செய்து, தேநீர் வருவித்தார்.

"தம்பி, யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் என் தாய்மாமன் கடை வைத்திருந்தார். அவர் பேரப் பிள்ளைகள் உஸ்மானியாக் கல்லூரியில் படித்தார்கள். அக்டோபர் முப்பதாம் தேதி காலையில் துப்பாக்கி பிடித்தவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரையும் கூட்டினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். நகை, பணம், வீட்டுச் சாவி எல்லாம் பறிபோயிற்று. பிள்ளைகளின் புத்தகப் பைகூட வீட்டோடு நின்றுவிட்டது. இப்போது புத்தளத்தில் தென்னோலைக் கொட்டகையில் கிடக்கிறார்கள். இந்த உண்டியலில் எழுதியிருக்கும் பிள்ளைகளில் அவர்களும் உண்டா?" என்று வினவினார்.

அவர் குரலில் கடுமையில்லை. அதனாலேயே அவ்வினா எம்மை ஆழத் தைத்தது. அவர் கூறியது மெய். அவ்வாண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் எழுபதினாயிரம் பேர்க்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அதற்கு முன் ஆகஸ்ட் 3-ஆம் நாள் கிழக்கே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் சுடப்பட்டு மாண்டனர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். வானிலிருந்து வீழ்ந்த குண்டுகளுக்கு அஞ்சிய பிள்ளைகளை எண்ணி எழுந்த உண்டியல், தரையில் நின்றோர் துப்பாக்கிக்கு அஞ்சி ஓடிய பிள்ளைகளையும் தன்னுட் கொள்ளுமோ என்பதே வினா.

அன்றிரவு எம்முட் பெரிய விவாதம் நிகழ்ந்தது. உதவி சிறிது; அதனைப் பலவாகப் பகுத்தால் ஒருவர்க்கும் பயன்படாது என்றார் ஒருவர். யாழ்ப்பாணத்தார் துயரைக் கூறிப் பெற்ற காசில் ஒரு பகுதியைப் புத்தளத்திற்கு அனுப்புதல் இட்டவர் கருத்துக்கு மாறாகாதோ என்றார் மற்றொருவர். மூன்றாமவரோ, "பிள்ளை எவன் வீட்டில் பிறந்தான் என்று கேட்டபின் கொடுப்பதாயின், நாம் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, அவன் தந்தையின் கட்சிக்குக் கொடுக்கிறோம்" என்றார். எக்லன்டைன் ஜெப்பின் வரலாற்றை எமக்கு அப்பொழுது எடுத்துரைத்தவரும் அவரே. விடியுமுன் ஒரு முடிவுக்கு வந்தோம். மூன்று நாளும் வீழ்ந்த காசு முன் கூறியபடியே செல்லும், அதனைத் தொடமாட்டோம். நான்காம் நாள் முதல் மற்றோர் உண்டியலும் வைப்போம். அதில் "புத்தளம் சேர்ந்த பிள்ளைகளுக்கு" என்று எழுதுவோம். இடுபவர் எதில் விரும்பினும் இடலாம்.

காலையில் இரு உண்டியல்களோடு சென்று பெரியவரிடம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு கல்லாப் பெட்டியைத் திறந்து, எம் கண் காண, இரண்டிலும் சமமாக இட்டார். "ஜகாத்துப் பணம் யார் யாருக்குச் சேரும் என்பதற்கு எட்டு வகை சொல்லியிருக்கிறது, தம்பி. அது வேறு கணக்கு. அதை ரமலானில் பார்ப்போம். இது சதக்கா, இதற்கு வேலி இல்லை" என்றார். அம்மட்டோ? கடையை மகனிடம் விட்டு, எம்மோடு கோபாலப்பட்டினத் தெருக்களிலும் நடந்தார். அவர் வாயிலில் நின்று அழைத்த வீடுகளில் பெண்டிர் திரைக்குப் பின்னிருந்து கைநீட்டி இரண்டு உண்டியல்களிலும் இட்டனர். கோயில் தெருவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. இரண்டாம் உண்டியல் முதல் உண்டியலின் காசைக் குறைக்கும் என்று அஞ்சினோம், குறைக்கவில்லை. இரண்டும் இருந்தமையாற்போலும், முன்பு வாயில் திறவாத வீடுகளும் திறந்தன.

கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள், அதாவது டிசம்பர் 28-ஆம் நாள், உண்டியல்களை உடைத்தோம். கோயிற் கணக்கர் ஒருவர், ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர், உபதேசியார் ஒருவர் ஆகிய மூவரையும் சாட்சியாக அமர்த்தி, எண்ணும் ஒவ்வொரு காசையும் அவர் கண்முன் எண்ணினோம். பத்துப் பைசா, நாலணா, எட்டணாக் காசுகளே மிகுதி. தொகை பெரிதன்று. வரவை ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி, மூவரிடமும் கையொப்பம் பெற்று, மூன்று படிகள் எடுத்துக் கோயில் வாயிலிலும் பள்ளிவாசல் சுவரிலும் கடைவீதித் தபாற்பெட்டியருகிலும் ஒட்டினோம். கருவாடு விற்ற காசும் அதில் தனி வரியாக இடம்பெற்றது.

கடல் கடந்து செல்லவேண்டியதைப் பேராசிரியர் கூறிய நிலையத்தில் ஒப்புவித்துப் பற்றுச்சீட்டுப் பெற்றோம். எஞ்சிய பகுதியைக் கொண்டு முகாம் பிள்ளைகளுக்குச் சிலேட்டும் குறிப்பேடும் அரிக்கேன் விளக்கும் வாங்கிப் புத்தாண்டுக்கு முன்னாள் கொண்டுசென்றோம். அங்கு ஆசிரியராயிருந்து அகதியாய் வந்த ஒருவர் எம்மை வாயிலிலேயே நிறுத்தி ஒரு வேண்டுகோள் விடுத்தார். "புத்தாண்டு என்று அக்கம்பக்கத்தில் வெடி கொளுத்துவார்கள். இங்கே ஒருவரும் கொளுத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், தம்பிமார். சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே போய்விடும், பிறகு விடியும்வரை நித்திரை இல்லை" என்றார். அருகிலிருந்த தெருக்களுக்குச் சென்று சொன்னோம், ஊரார் இசைந்தனர். அன்றிரவு அம்முகாமைச் சூழ்ந்த தெருக்களில் வெடியோசை எழவில்லை. யாம் காசு கொடுத்து வாங்கிச் சென்ற பொருள்கள் எல்லாவற்றினும், காசின்றிக் கிடைத்த அவ்வமைதியே அப்பிள்ளைகளுக்குச் சிறந்த பரிசாயிற்று என்று இன்றும் எண்ணுகிறோம்.

அடுத்த ஆண்டு மே 21-ஆம் நாள், முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொலையுண்டார். நாடு அதிர்ந்தது. இலங்கையார் பெயரால் எவர் எதனைத் திரட்டியிருப்பினும் ஐயத்திற்கு உள்ளாயினர். முகாம் பிள்ளைகளின் கல்வி வாயில்களும் சில ஆண்டுகள் குறுகின. எம்மிடமும் அதிகாரிகள் வந்து வினவினர். கையொப்பமிட்ட கணக்குப் புத்தகத்தையும் பற்றுச்சீட்டையும் எடுத்து வைத்தோம். அவர்கள் ஒவ்வொரு வரியும் படித்தனர். கருவாட்டு வரியில் சற்றே நகைத்தனர். புத்தகத்தைத் திருப்பித் தந்து சென்றனர். அன்பினால் செய்யும் பணிக்கும் கணக்கு வேண்டும் என்று பேராசிரியர் வற்புறுத்தியபோது அஃது அன்பைக் குறைத்து மதிப்பதாகச் சிலர்க்குத் தோன்றலாம். கணக்கே அன்பின் கவசம் என்பதை அன்று கண்டோம்.

இனி, அக்காசு எவரையேனும் காத்ததா என்று நீவிர் வினவுவீர். அவ்வினாவுக்கு நேர்மையாக விடை கூறல் வேண்டும். 1995 செப்டம்பர் 22-ஆம் நாள் வடமராட்சி கிழக்கிலுள்ள நாகர்கோவில் மகா வித்தியாலயத்தருகே வானூர்திகள் குண்டு பொழிய, மாணாக்கர் பலர் மாண்டனர். வானத்திலிருந்து வருவது மட்டுமே அப்பிள்ளைகளுக்கு இடராயிருக்கவில்லை. பள்ளி செல்லும் வழியில் பிடிக்கப்பெற்று ஆயுதம் ஏந்துமாறு செய்யப்பட்ட சிறார் பலர். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஆன பின்னரும் அவ்வாள்சேர்ப்பு ஓயவில்லை என்பதை ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் பதிவு செய்தது. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபோது, வன்னியில் இழந்த பிள்ளைகளை எண்ணி முடிக்க இயலவில்லை. ஓர் உண்டியல் குண்டைத் தடுக்காது, துப்பாக்கியைத் திருப்பாது. அங்ஙனம் தடுக்கும் என்று கூறிக் காசு கேட்பவர் பொய் கூறுபவராவர்.

ஆயினும் பயனில்லை என்பதும் பொய்யே. பள்ளிப் பிள்ளையைக் காப்பன யாவை என்று எண்ணிப் பார்த்தால், அவற்றுட் பல சிறு பொருள்களே. பதுங்கு குழிக்கு வேண்டுவன சாக்கும் மண்ணும் மரக்குற்றியும். கண்ணிவெடி புதைந்த நிலத்தில் வேண்டுவது, அதனை இனங்காணக் கற்பிக்கும் படமும் ஓர் ஆசிரியரும். இடம்பெயர்ந்த இடத்தில் வேண்டுவன ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, நாள்தோறும் வருகை எடுக்கும் ஒரு குரல். பள்ளியில் பெயர் வாசிக்கப்பெறும் பிள்ளை காணாமற்போனால் அன்றே தெரியும். எங்கும் பெயர் இல்லாத பிள்ளையைத் தேடுவார் யார்? 2022-இல் உக்ரேன் நாட்டில் பெரும்போர் மூண்ட பின், எல்லையை அடுத்த கார்கிவ் நகரத்தார் 2023 செப்டம்பர் முதல் நிலத்தடி இரயில் நிலையங்களில் வகுப்புகள் நடத்தினர். 2024-இல் நிலத்தினடியிலேயே ஒரு பள்ளியும் கட்டினர். பனங்குற்றிப் பதுங்கு குழியும் அந்நிலவறைப் பள்ளியும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்கள் அல்லவோ? படிப்பை நிறுத்தோம், பிள்ளையையும் பலியிடோம் என்பதே அவ்வெண்ணம்.

பொருளால் ஆகாததைச் சொல்லால் ஆக்கவும் உலகம் முயன்றிருக்கிறது. எல்சல்வடார் நாட்டில் உள்நாட்டுப் போர் மும்முரமாயிருந்த 1985-இல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடுவதற்காக இருதரப்பாரும் குறித்த நாள்களில் துப்பாக்கியை ஓய்வித்தனர். துன்பக் காலத்தில் உதவி முதற்கண் குழந்தைக்கே சேரல் வேண்டும் என்று ஜெப் அம்மையார் எழுதிய கருத்தை, 1924-இல் நாடுகளின் சங்கம் ஜெனீவாவில் ஏற்றுக்கொண்டது. 2015 மே மாதத்தில் ஆஸ்லோ நகரில், பள்ளிகளைப் படைவீடாக்குவதைத் தவிர்த்துக் காப்போம் என்னும் பாதுகாப்பான பள்ளிகள் சாற்றுரை வெளியிடப்பெற்று, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றுள்ளன. ஏற்றவை யாவும் அதன்படி ஒழுகின என்று கூறவியலாது. ஆயினும், பள்ளியின்மேல் குண்டு வீழ்தல் போரின் இயல்பு என்று சொல்லிக் கடந்துவிடுதல் முன்போல் எளிதன்று. அந்நிலைக்கு வருதற்குள் எத்தனை பேர் எத்தனை பண்டிகைகளில் உண்டியல் ஏந்தினரோ!

ஆதலின், இளம் நண்பர்களே, நீவிர் செல்லுங்கள். செல்லுமுன் எம் வேண்டுகோள் சிலவற்றைச் செவிக்கொள்ளுங்கள். காசு எவர்க்குச் செல்கிறது, எவ்வழிச் செல்கிறது என்பதை உண்டியலின்மேல் எழுதுங்கள். நாட்டின் சட்டம் ஒப்பும் வழியையன்றி வேறு வழியை நாடாதீர்கள். அழும் பிள்ளையின் படத்தைக் காட்டிக் கேளாதீர்கள்; அப்படம் தன்னைக் காட்டி எடுக்கப்பட்ட காசு என்று அப்பிள்ளை வளர்ந்தபின் அறிந்தால் நாணுவான். குருதிக் கதைகளைக் கூறிச் சினத்தை மூட்டாதீர்கள்; சினத்தால் வீழும் காசு அடுத்த ஆண்டு வீழாது. ஒரு பக்கத்துப் பிள்ளையின் துயரைக் கூறும்போது, மறு பக்கத்துப் பிள்ளையைப் பற்றி எவரேனும் வினவினால், அவரைப் பகைவராக எண்ணாதீர்கள். அவர் வினாவில் உமக்கு வேண்டிய இரண்டாம் உண்டியல் இருக்கக்கூடும். பெற்றதை எல்லார் முன்னும் எண்ணுங்கள். எண்ணியதை எழுதி ஒட்டுங்கள். நாலணா இட்ட மூதாட்டிக்கு எழுத்தறிவு இல்லையாயினும், தன் காசு அவ்வரிகளுள் ஒன்றில் உள்ளது என்பதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எம் ஊர் மளிகைக் கடைப் பெரியவர் இன்று இல்லை. அவர் மகன் அக்கடையை நடத்தி வருகிறார். போர் ஓய்ந்தபின், புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் மீண்ட முஸ்லிம் குடும்பங்கள் சில, மீளாதன பல. முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுட் பலர் கற்றுத் தேறிப் பணிகளில் அமர்ந்துள்ளனர். சிலேட்டுப் பிடித்த அவர்தம் கைகள் இன்று தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றன. யாம் கொடுத்தது அதற்குக் காரணம் என்று செருக்க இடமில்லை. அவர் ஏறிய படிகளில் ஒரு கல் எம் கடைவீதியினின்று சென்றது என்று மகிழ இடமுண்டு.

வரும் விடுமுறையில் நம் மாணாக்கர் எவ்வூர்க் கடைவீதியில் நின்றாலும், அவர்க்கு நாலணா இடும் கைகள் குறையாதிருக்குமாக. எந்நாட்டுப் பிள்ளையாயினும் காலையில் புத்தகத்தோடு புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் நாள் விரைந்து வருமாக.